ஒரே ஒரு சிவப்புச் சூரியகாந்தி: விதை எடுத்து வைக்கலாமா?

கேள்வி: "வானவில் சூரியகாந்தி" என்ற விளம்பரத்தைப் பார்த்து இணையத்தில் 20 விதைகள் வாங்கினேன். படத்தில் நீலம், ஊதா எல்லாம் இருந்தன. மாடியில் பைகளில் ஊன்றினேன். வந்தவை எல்லாம் மஞ்சள். கடைசியாக மொட்டுவிட்ட ஒன்று மட்டும் அடர் சிவப்பாக இப்போதுதான் மலர்கிறது. அதன் விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறை எல்லாம் சிவப்பாக வருமா? எப்போது அறுக்க வேண்டும்? முதலில் பூத்த மஞ்சள் பூக்களுக்குக் கிளிகள் வர ஆரம்பித்துவிட்டன. – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: எல்லாம் சிவப்பாக வராது. சில வரலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீலச் சூரியகாந்தி உலகில் எங்கும் கிடையாது. இந்தச் செடியிடம் மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் மஞ்சள், சிவப்பு, செம்பழுப்பு ஆகிய நிறங்கள் உண்டு; நீலத்துக்கான நிறமி இதற்கு வாய்க்கவில்லை. விளம்பரப் படத்தை நீலமாக்கக் கணினி போதும். பூக்கடையில் கண்ணால் பார்த்தேன் என்பவர்கள் பார்த்தது, வெளிர் நிறப் பூவின் காம்பைச் சாயத் தண்ணீரில் நிறுத்தி வைத்ததை.

உங்களுக்கு வந்தவை பெரும்பாலும் எண்ணெய் ரக விதைகளாகத்தான் இருக்கும். தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் கேரளத்திலிருந்து வந்தெல்லாம் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்த மஞ்சள்தான். பறவைத் தீவனக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி, பத்தும் இருபதுமாகப் பிரித்து, பளபளப்பான உறையில் போட்டால் அது வானவில் ஆகிவிடுகிறது. கண்காட்சிகளில் கறுப்பு விதை, வரி விதை, வெள்ளை விதை என்று மூன்றையும் உள்ளங்கையில் காட்டி "மூன்று நிறப் பூ" என்று விற்பவர்களும் உண்டு. விதைத் தோலின் நிறத்துக்கும் பூவின் நிறத்துக்கும் தொடர்பே இல்லை. ரோஸ் நிற விதையா? அது பூச்சி, பூஞ்சாண மருந்து பூசியது. குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், 1966 முதல் இருக்கிறது. உறையில் ரகத்தின் பெயர், குவியல் எண், சோதனை செய்த நாள், முளைப்புத்திறன், விற்பவரின் முகவரி எல்லாம் பார்த்து வாங்கச் சொல்லி விவசாயிக்கு மேடை போட்டுப் பாடம் நடத்துகிறார்கள். மாடித் தோட்டக்காரரின் சின்ன உறையை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. முறைப்படி முளைப்புச் சோதனை செய்யவே 400 விதைகள் வேண்டும். நீங்கள் வாங்கியதோ 20. எதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவது?

இனி உங்கள் சிவப்புப் பூ. 1910இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டர் நகரில், வில்மாட்டி காக்கரெல் என்ற ஆசிரியை சிவப்பு ஓடிய காட்டுச் சூரியகாந்திச் செடி ஒன்றைக் கண்டார். சிவப்பு ரகங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கும் உங்கள் சிக்கல்தான்: கையில் ஒரே செடி. மற்றச் செடிகளோடு கலந்தபோது பிள்ளைச் செடிகளில் ஒரு பகுதிதான் சிவந்தது. உங்கள் மாடியிலும் தேனீ மஞ்சள் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து இதில் சேர்க்கும். விட்டுவிட்டால் கிடைப்பது கலப்பு விதைதான்.

காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூவின் நடுத்தட்டை விரலால் மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டவில்லையென்றால் அது ஜாடியில் வைப்பதற்கென்றே உருவாக்கிய, மகரந்தமில்லாத கலப்பினம். விதை ஆசையை விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் வெட்டித் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரம் நிற்கும்.

பொடி ஒட்டினால் வழி இருக்கிறது. இன்றே அந்தப் பூவுக்கு மெல்லிய மல் துணியில் தளர்வாகப் பை தைத்துக் கட்டுங்கள். நடுத்தட்டில் இருக்கும் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. ஓரத்தில் தொடங்கி, வளையம் வளையமாக நடுவை நோக்கி விரியும். ஒரு வாரத்துக்கும் மேல் ஆகலாம். அந்த நாட்களில் காலையில் பையைத் திறந்து, மென்மையான தூரிகையால் தட்டு முழுவதும் தடவிவிட்டு உடனே கட்டிவிடுங்கள். தன் மகரந்தத்தையே ஏற்காத செடியும் உண்டு. அப்படியானால் பொக்குதான் மிஞ்சும். மணி பிடித்தாலும் ஓரத்து வளையங்களைக் கழித்துவிடுங்கள். பை கட்டும் முன்பே தேனீ வந்துபோன இடம் அது. உள்வளைய விதையை மட்டும் ஊன்றினாலும் மஞ்சள் கலந்தே வரும். மஞ்சள் காட்டும் செடியை விரியும் முன் பிடுங்கிவிட்டு, சிவந்தவற்றின் விதையை மட்டும் எடுத்து இப்படியே சில தலைமுறை ஓட்டினால் உங்களுக்கென்று ஒரு சிவப்பு நிலைக்கும். பொறுமை இல்லையென்றால் 'வெல்வெட் குயின்' என்று பெயர் போட்ட விதையை நம்பிக்கையான கடையில் வாங்கிக்கொள்வது எளிது.

கிளிகளுக்கும் அதே துணிப் பைதான். இதழ் வாடியதும் மஞ்சள் பூக்களுக்கும் கட்டிவிடுங்கள். பாலிதீன் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். மணி கனத்தால் செடி சாயும். ஒரு மூங்கில் குச்சி நடுங்கள்.

அறுவடைக்குத் தட்டின் முதுகைப் பாருங்கள். பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாகி, ஓரத்துச் செதில் இலைகள் பழுப்பேறியதும் ஒரு சாண் காம்போடு வெட்டிக் காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் கையால் தேய்த்தாலே உதிரும். நகத்தால் ஒன்றிரண்டைப் பிளந்து, உள்ளே வெள்ளைப் பருப்பு நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பொக்கைப் புடைத்துவிட்டுக் காலை வெயிலில் சாக்கின் மேல் காய வையுங்கள். உச்சி வெயிலில் சிமென்ட் தரையில் பரப்பினால் முளைப்பு கெடும்.

எடுத்த கையோடு ஊன்றாதீர்கள். புது விதைக்கு ஒன்றரை மாதம் போல உறக்கம் உண்டு. அதன்பின் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் ஒரு பைக்கு இரண்டாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, நன்றாக வந்ததை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.