ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் கட்டும் முன் ரூட்டரைத் திறந்து பாருங்கள்

கேள்வி: "மும்பையில் வசிக்கிறேன். வீட்டு பிராட்பேண்டின் ஐபி முகவரி அடிக்கடி மாறிவிடுகிறது. ஸ்டாட்டிக் ஐபி வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். இந்த முகவரிகளை எப்படித்தான் ஒதுக்குகிறார்கள்? பணம் கட்டி வாங்குவது அவசியமா?"

செம்பூரில் இருக்கிறேன். தாராவி, சயான், மாட்டுங்கா பக்கத்துச் சிறு கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி இணைப்புகள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கேள்வி எனக்கு நன்றாகப் பழகிய கேள்வி. ஆனால் ஸ்டாட்டிக்கா (மாறாததா), டைனமிக்கா (மாறுவதா) என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கொடுத்திருக்கும் முகவரி உங்களுக்கு மட்டும் உரியதா, பல வீடுகளுக்குப் பொதுவானதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லாமலேயே பணம் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அண்ணாச்சிக்கு மளிகைக் கிடங்கு இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் பதினைந்து நாளாவது தங்கிவிட்டுத்தான் வருவார். கிடங்கில் நான்கு கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்றும் வைத்து, ஊரிலிருந்தபடியே போனில் பார்க்க ஆசைப்பட்டார். கேமரா மாட்டியவர் ஸ்டாட்டிக் ஐபி வாங்கச் சொன்னார். அண்ணாச்சியும் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு ரயிலேறினார். ஊரில் போய்ப் பார்த்தால் படம் வரவில்லை. "தம்பி, பணமும் கட்டியாகிவிட்டது, நம்பரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுமே தெரியவில்லையே, கொஞ்சம் போய்ப் பாருங்கள்" என்று போனில் கேட்டார்.

போனேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்புக்கான முகவரி 100.81 என்று தொடங்கியது. அவருக்குத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்ததும் அதே எண்தான். ஆனால் நம் ஐபி என்ன என்று காட்டும் இணையதளம் ஒன்றை அதே கணினியில் திறந்தால், 103-இல் தொடங்கும் வேறு எண் வந்தது. ரூட்டரை ஐந்து முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 100.81 அசையவில்லை. முகவரி நிலையானதுதான், சந்தேகமில்லை. ஆனால் இணைப்பு கொடுத்த இணைய நிறுவனத்தின் மதிலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி அது. வெளியுலகிலிருந்து அதைத் தேடிக்கொண்டு எந்தப் போனும் உள்ளே வர முடியாது.

மும்பைக்காரர்களுக்கு இதைச் சால் வீடுகளை வைத்துச் சொன்னால் உடனே புரியும். சால் என்பது ஒற்றை அறைக் குடித்தனங்கள் வரிசையாக இருக்கும் கட்டடம்; அறையை இங்கே கோலி என்பார்கள். ஒரு சாலில் ஐம்பது கோலிகள் இருக்கலாம். தெருவுக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான். எந்தக் கோலியிலிருந்து கடிதம் போனாலும் சாலின் விலாசத்தோடுதான் போகிறது. எந்தக் கடிதம் எந்தக் கோலியிலிருந்து போனது என்று வாசலில் ஒருவர் குறித்து வைத்துக்கொள்கிறார், பதில் வந்ததும் உரிய கோலியில் சேர்க்கிறார். ஆனால் முன்பின் தொடர்பில்லாத கடிதம் ஒன்று சாலின் விலாசத்துக்கு வந்தால், அதை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. அண்ணாச்சியின் போன் திருநெல்வேலியிலிருந்து அனுப்பிய கோரிக்கை அப்படித்தான் வாசலிலேயே நின்றுவிட்டது. சாலின் விலாசம்போல் வெளியுலகம் அறிந்த முகவரியைப் பொது முகவரி என்பார்கள். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் இந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட் என்று பெயர்.

இதற்கு முகவரிப் பஞ்சம்தான் காரணம். இதுவரை நாம் பார்த்த, ஐபிவி4 எனப்படும் பழைய வகை முகவரி 32 பிட் கொண்டது. உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடிதான் தேறும். கையிருப்பில் மிஞ்சிய கடைசி ஐந்து பெருந்தொகுதிகளை முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கு 2011 பிப்ரவரி 3 அன்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்நிக்குக் கிடைத்தது 103-இல் தொடங்கும் தொகுதி. அதன் பிறகு வந்த சிறு இணைய நிறுவனங்கள் பலவற்றின் முகவரி 103 என்று தொடங்குவது அதனால்தான். 2019 முதல் ஏப்நிக் ஒரு புதிய உறுப்பினருக்கு அதிகபட்சம் 512 முகவரிகள்தான் தருகிறது. ஐயாயிரம் வீடுகளுக்குக் கேபிள் இழுத்திருக்கும் ஒரு வட்டார நிறுவனத்துக்கு இது எந்த மூலைக்குக் காணும்? பகிர்ந்து கொடுப்பது தவறில்லை. வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பகிர்வுக்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான சுமார் 42 லட்சம் முகவரிகளை 2012 ஏப்ரலில் ஒதுக்கி வைத்தார்கள். எந்த நிறுவனமும் யாரையும் கேட்காமல் இவற்றைத் தன் வலையமைப்புக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு; ஒரே முகவரியில் நடக்கும் பல தொடர்புகளைப் பிரித்தறிய உதவும் கதவு எண்கள் அவை. முதல் 1,024-ஐ விட்டுவிட்டு மீதியை வீட்டுக்கு 1,024 என்று பிரித்தால், ஒரே முகவரியில் 63 வீடுகளை அடக்கலாம். அந்த 63-இல் ஒரு வீட்டுக் கணினியில் வைரஸ் புகுந்து குப்பை மின்னஞ்சல் அனுப்பினால், தடுப்புப் பட்டியலில் ஏறுவது எல்லோருக்கும் பொதுவான அந்த முகவரி. ஒரு பாவமும் அறியாத பக்கத்து வீட்டுக்காரர் "நீங்கள் மனிதர்தானா" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பப் படங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்.

இனி ஒதுக்கும் விதத்துக்கு வருகிறேன். மும்பையின் வட்டார நிறுவனங்களிடம் பிபிபிஓஇ முறை பரவலாக இருக்கிறது. ரூட்டரில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போடச் சொன்னார்கள் என்றால் உங்களுடையதும் அதுதான். ரூட்டர் உயிர் பெற்றதும் அந்தப் பெயரை நிறுவனத்தின் சாதனத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சாதனம் ரேடியஸ் என்ற சர்வரிடம் விசாரிக்கிறது. கடவுச்சொல் சரியா, கட்டணம் கட்டியிருக்கிறாரா, எவ்வளவு வேகத் திட்டம் என்பதையெல்லாம் ரேடியஸ் தன் பதிவேட்டில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது. உங்கள் பெயருக்கு நேராக ஒரு முகவரி எழுதியிருந்தால் அதையே கொடுக்கச் சொல்லும். எழுதியிருக்கவில்லை என்றால் பொதுத் தொகுப்பில் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஏதோ ஒன்று வரும்.

ஸ்டாட்டிக் ஐபி என்பது, தொழில்நுட்ப அளவில், பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே எழுதப்படும் அந்த ஒரு வரிதான். புதுக் கேபிள் வேண்டாம், புதுப் பெட்டி வேண்டாம், வேகமும் அதிகரிக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "ஸ்டாட்டிக் போட்டால் இணையம் வேகமாகும்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பணம் கொடுக்க வேண்டியது அந்த வரிக்காக அல்ல, பஞ்சத்தில் இருக்கும் ஒரு பொது முகவரியை உங்களுக்கென்று ஒதுக்கி வைப்பதற்காக. 100.81-ஐ ஒதுக்குவதற்கு எந்த நிறுவனத்துக்கும் ஒரு காசு செலவில்லை. அண்ணாச்சி விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

உங்கள் முகவரி அடிக்கடி மாறுவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. மின்சாரம் போய் ரூட்டர் அணைந்தாலோ, மழையில் மொட்டைமாடிக் கேபிள் அறுந்தாலோ பிபிபிஓஇ தொடர்பு முடிந்துவிடும். மறுபடி இணையும்போது தொகுப்பிலிருந்து வேறு முகவரி கிடைப்பது இயல்பு. பயனர் பெயரே கேட்காமல் டிஹெச்சிபி முறையில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் முகவரி குத்தகைக்கு விடப்படுகிறது. பாதிக் காலம் கழிந்ததும் ரூட்டர் தானாகவே புதுப்பிக்கக் கேட்கும். வழக்கமாக அதே முகவரியே நீடிக்கும். அதனால் டைனமிக் என்று பெயர் இருந்தாலும் மாதக்கணக்கில் மாறாமலிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் ரூட்டரைத் திறங்கள். உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலும் அமைப்புப் பக்கம் வந்துவிடும். வெளி இணைப்பின் கீழ் இருக்கும் ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐபியைக் காட்டும் இணையதளத்தில் வருவதோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரியே கிடைத்திருக்கிறது. 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் பகிர்வு. 10-இல் தொடங்கினாலும் அநேகமாக அதுவேதான். 192.168 என்று இருந்தால் மட்டும் அவசரப்பட்டு நிறுவனத்தைக் குறை சொல்லாதீர்கள்: அவர்கள் கொடுத்த ஃபைபர் மோடமே ஒரு ரூட்டராக வேலை செய்துகொண்டிருக்கலாம், அதன் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

பொது முகவரி இருக்கிறது, மாறுவது மட்டும்தான் தொல்லை என்றால் பணம் கட்டத் தேவையில்லை. டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் ஒரு பெயரைப் பதிந்துகொண்டால், முகவரி மாறும் போதெல்லாம் ரூட்டரே புதிய எண்ணை அங்கே தெரிவித்துவிடும். நீங்கள் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பகிர்வு முகவரிக்கு இது உதவாது.

பணம் கட்டியே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால்தான் அலுவலக சர்வர் அனுமதிக்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. நம் ஊரில் இன்னொரு கூட்டமும் உண்டு: சொந்தமாக நிரல் எழுதிப் பங்குச் சந்தையில் ஆர்டர் போடுகிறவர்கள். 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தரகரின் ஏபிஐ (நிரல்கள் நேரடியாக ஆர்டர் அனுப்பும் வாசல்) வழியாக வருகிறவர்களின் ஸ்டாட்டிக் ஐபி தரகரிடம் பதிவாகியிருக்க வேண்டும். இவர்களுக்கெல்லாம் வேண்டியது நிலையானதும், பிறரோடு பகிராததுமான பொது முகவரி. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

கேமராவுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், தயவுசெய்து டிவிஆரின் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் தேடித் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே அந்த வருடம் அக்டோபரில் உலகின் பெரிய இணையதளங்கள் பலவற்றைப் பல மணி நேரம் முடக்கியது. மாறாத முகவரியில் திறந்த கதவு வைத்தால், நமக்கு வழி தெரிவதுபோல் திருடனுக்கும் தெரியும்.

அண்ணாச்சிக்கு நான் செய்தது இதுதான். கருவிகளை இணையம் வழியே தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைக் கிடங்கில் கணக்கெழுதும் பழைய கணினியில் நிறுவி, அதன் வழியாக டிவிஆரை எட்டும்படி அமைத்தேன். ஊரிலிருந்த அவருடைய போனில் அதை நிறுவும் விதத்தைப் பேசியே சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசிச் சந்தித்துக்கொள்வதால் சிஜிநாட் குறுக்கே நிற்பதில்லை, வெளியே எந்தப் போர்ட்டும் திறக்கவில்லை. அன்று மாலையே போன் வந்தது. "தம்பி, படம் தெரிகிறது. துவரம் பருப்பு மூட்டை மேல் பூனை படுத்திருக்கிறது, கொஞ்சம் விரட்டச் சொல்லுங்கள்" என்றார். கட்டிய தொகையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாத இழுபறிக்குப் பின் மாதக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள்.

புதிய வகை முகவரியான ஐபிவி6 பற்றியும் கேட்டுப் பாருங்கள். அதில் முகவரி 128 பிட், பஞ்சமே கிடையாது. நிறுவனம் உங்கள் வீட்டுக்கென்று ஒரு முன்னொட்டையே (முகவரிகளின் பொதுவான தொடக்கப் பகுதியை) கொடுத்துவிடும், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் தனக்கென்று பொது முகவரி வைத்துக்கொள்ளும். ஜியோ போன்ற பெரிய மொபைல் வலையமைப்புகளில் ஐபிவி6 பல வருடங்களாக ஓடுகிறது, ஆகையால் போனிலிருந்து வீட்டை எட்டவும் முடியும். முன்னொட்டும் மாறக்கூடும், ரூட்டரின் தடுப்புச் சுவரில் அனுமதியும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் என் வீட்டில் இப்போது இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டாட்டிக் வேண்டும் என்றே முடிவெடுத்தால், பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் இப்படிக் கேளுங்கள்: "எனக்குத் தரப்போகும் நிலையான முகவரி, வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய பொது ஐபிவி4 முகவரிதானா? என் ரூட்டரின் வெளி இணைப்பில் அந்த எண்ணே தெரியுமா?" போனில் சொல்லும் "ஆமாம் சார்" போதாது. எழுத்தில் பதில் வரட்டும், அதன் பிறகு கட்டுங்கள். இணைப்பு கொடுத்த அன்றே ரூட்டரைத் திறந்து அந்த எண்ணைச் சரிபாருங்கள்.