வாசகர் கேள்வி-பதில்: பந்தைத் தொடாத ஆட்டக்காரர்கள்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கால்பந்து பற்றியவை. அதிலும் தடுக்கும் அணியின் முன்வரிசையில் குனிந்து நிற்கிற அந்தப் பெரிய உருவங்களைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: பந்தை எறிகிறவர், பிடிக்கிறவர், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எல்லாம் புரிகிறது. இந்த டிஃபென்சிவ் லைன்மேன் என்னதான் செய்கிறார்? பந்து அவர் கைக்கே வருவதில்லையே?

பதில்: வராதுதான். சீசன் முழுக்க ஒரு தடவைகூடப் பந்தைக் கையில் பிடிக்காத லைன்மேன்கள் உண்டு. எதிரணி பந்தோடு முன்னேற ஒரு வழி வேண்டும், அந்த வழியை அவர்களுடைய ஐந்து பெரிய ஆட்கள் உடம்பால் தள்ளித் திறந்துவிடுவார்கள், அதை அடைப்பது இவர் வேலை. பந்தை எறியும் ஆட்டமாக இருந்தால் வேலை மாறிவிடும். பந்தை எறிகிறவரான குவார்ட்டர்பேக் எறிவதற்குள், அதாவது இரண்டரை மூன்று நொடிக்குள், எதிரில் நிற்கிற 140 கிலோ ஆளைத் தாண்டிப் போய் அவரைப் பிடிக்க வேண்டும். ஓடப்போகிறார்களா எறியப்போகிறார்களா என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், மோதிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கையின் விரல்கள் புல்லில் ஊன்றியிருக்கும். இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளி பந்தின் நீளம் மட்டுமே, ஒரு அடிக்கும் குறைவு. குவார்ட்டர்பேக் கத்துகிற குரலை நம்பிக் கிளம்பினால் போச்சு, சில நேரம் ஏமாற்றுவதற்காகவே கத்துவார். அதனால் பந்து அசைகிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் கிடைக்கிற ஓரிரு நொடியில் அனுபவசாலிகள் எதிராளி ஊன்றியிருக்கும் கையை ஒரு பார்வை பார்ப்பார்கள். விரல் முட்டி வெளுத்திருந்தால் உடம்பின் பாரம் முன்னால் இருக்கிறது, ஓடுகிற ஆட்டமாக இருக்கலாம். கை லேசாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆள் பின்னால் நகரத் தயாராகிறார், பந்தை எறியப் போகிறார்கள். பந்து அசைந்ததும் யார் கை முதலில் எதிராளியின் மார்புக்குள் போகிறதோ, யார் தோள் தாழ்ந்திருக்கிறதோ, அவர் பக்கம் ஆட்டம் சாயும். ஒரு ஆட்டத்தில் இப்படி நாற்பது ஐம்பது தடவை.

இதிலும் யாரும் கண்டுகொள்ளாதவர் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள். இரண்டு பேர் சேர்ந்து அவரைத் தள்ளுவார்கள், அவர் நகராமல் நின்றாலே போதும். அந்த இரண்டு பேரும் அவரிடம் மாட்டிக்கொள்வதால் பின்னால் இருக்கும் லைன்பேக்கரைத் தடுக்க ஆள் இருக்காது, அவர் பாய்ந்து வந்து பந்துக்காரரைச் சாய்ப்பார், கைதட்டலும் அவருக்கு, புள்ளிவிவரமும் அவருக்கு. நடுவில் இரண்டு மலைகளைத் தாங்கிக்கொண்டு நின்றவர் பெயருக்கு எதிரே பூஜ்யம். வின்ஸ் வில்ஃபோர்க் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் 2004 முதல் 2014 வரை 11 சீசன் இந்த வேலையைப் பார்த்தார், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றார். வெறும் எண்களை வைத்துப் பார்த்தால் சாதாரண ஆட்டக்காரர் என்றுதான் நினைப்பீர்கள்.

கேள்வி: சாக் என்றால் என்ன? அதிகம் எடுத்தவர் யார்?

பதில்: குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே அவரைச் சாய்ப்பதுதான் சாக். இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை. அதிகாரப்பூர்வப் பட்டியலில் புரூஸ் ஸ்மித் 200, அடுத்து ரெஜி வைட் 198.

ஆனால் இந்த 'அதிகாரப்பூர்வ' என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். சாக்கை முறையாக எண்ண ஆரம்பித்ததே 1982இல். அந்தச் சொல்லைப் பரப்பியவர் டீக்கன் ஜோன்ஸ். 1961 டிராஃப்டில், அதாவது புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 14வது சுற்றில், ஏறக்குறைய யாருக்கும் வேண்டாத ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு வந்தவர். எதிரணி ஆட்களை எல்லாம் ஒரு கோணிச் சாக்கில் போட்டு அடிப்பது போல என்று அவர் விளக்கம் சொன்னார், நாம் சொல்கிற அதே சாக்குதான். மெர்லின் ஓல்சன், ரோசி கிரியர், லமார் லண்டி ஆகியோரோடு அவர் நின்ற அந்த நால்வர் வரிசைக்கு 'ஃபியர்சம் ஃபோர்சம்' என்று பெயர். 1974இல் அவர் ஆட்டம் முடிந்தது, அதனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் அவர் எடுத்த சாக் ஒன்றுகூடக் கிடையாது. பிற்காலத்தில் பழைய ஆட்டப் பதிவுகளை உட்கார்ந்து எண்ணியவர்கள் 173.5 என்கிறார்கள். அதைச் சேர்த்தால் ஸ்மித்துக்கும் வைட்டுக்கும் அடுத்த இடம் அவருக்கு. சொல்லைக் கொடுத்தவருக்கே கணக்கில் இடமில்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: சார், மலை மாதிரி உடம்பு இருந்தால்தான் இந்த வேலைக்குப் போக முடியுமா?

பதில்: உடம்பு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை என்பதற்கு ஆரோன் டோனல்டைவிட நல்ல சாட்சி வேண்டாம். 6 அடி 1 அங்குலம், சுமார் 130 கிலோ. நமக்குப் பெரிய ஆள், உள்வரிசை லைன்மேனுக்குச் சின்ன ஆள். 2014 டிராஃப்டில் அவருக்கு முன்னால் 12 பேரை எடுத்துவிட்டுத்தான் 13வதாக அவரை ராம்ஸ் எடுத்தது, அப்போது அந்த அணி செயின்ட் லூயிஸில் இருந்தது. பள்ளி நாட்களிலேயே விடியற்காலை நாலரை மணிக்கு அப்பாவோடு எழுந்து வீட்டின் அடித்தளத்தில் எடை தூக்கியவர். என்.எஃப்.எல். வந்த பிறகு, போலிக் கத்தி வீசுகிற ஆளை எதிரே நிறுத்தி, அந்தக் கையைத் தட்டிவிடப் பழகினார். எதிராளியின் கை தன்மேல் படிவதற்குள் தட்டிவிட வேண்டும், அதற்கான பயிற்சி. 10 சீசன் ஆடினார், பத்திலும் சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வு, மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 111 சாக்.

ஜான் ராண்டில் இன்னும் ஒரு படி மேலே. 1990இல் அவரை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் எடை பார்த்தபோது குறைகிற எடைக்கு உடைக்குள் சங்கிலியை ஒளித்துக்கொண்டு ஏறினார் என்ற கதையை அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வார்கள். முடித்தபோது 137.5 சாக், 2010இல் மிகச்சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம்.

கேள்வி: கோடி கோடியாகச் சம்பளம் என்கிறார்களே, எல்லோருக்குமா? எத்தனை வருடம் ஆட முடியும்?

பதில்: எல்லோருக்கும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வருடத்துக்கு ஏழு சுற்று டிராஃப்ட், 32 அணிகள், மொத்தம் இருநூற்றைம்பது சொச்சம் பேர். அதில் வராதவர்கள் தனியாகப் பேசி முயற்சி செய்யலாம். கோடைப் பயிற்சி முகாமில் ஓர் அணிக்கு 90 பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகிவிடும். மிச்சம் 37 பேரும் பையைக் கட்ட வேண்டும், சிலரை மட்டும் பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்வார்கள், அங்கே 2025இல் இளம் வீரருக்கு வாரத்துக்கு 13,000 டாலர், எந்த வாரமும் போகச் சொல்லலாம். 53க்குள் வந்துவிட்ட புதியவருக்கு அதே ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 8,40,000 டாலர். பெரிய பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுவதும் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள், உத்தரவாதம் என்று எழுதிய பகுதி மட்டும்தான் நிச்சயம். சராசரி ஆட்ட வாழ்க்கை மூன்று வருடம் சொச்சம் என்று வீரர்கள் சங்கமே சொல்கிறது. ஓய்வூதிய உரிமைக்கு மூன்று சீசன் வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், பல பேர் அந்த வாசற்படியிலேயே நின்றுபோகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் பிடித்த அணிக்குப் போகலாம் என்பது ஒரு காலத்தில் ஏறக்குறைய நடக்காத காரியம். அதற்கான வழக்கில் முதல் பெயர் ஒரு டிஃபென்சிவ் லைன்மேனுடையது, ரெஜி வைட். 1993இல் கதவு திறந்தது, அவரே 4 ஆண்டு, 1.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குப் போனார், 1997 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் மூன்று சாக் எடுத்துக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். இன்று கோடிகளில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

கேள்வி: உடம்பு என்ன ஆகும்?

பதில்: முட்டி, தோள், விரல், முதுகு எல்லாம் தேயும். விரல்கள் கோணலாகிப்போன பழைய லைன்மேன்களின் கைப் படங்களைப் பார்த்தால் தெரியும். அதைவிடப் பயம் தலை. மயங்கி விழுகிற அடி மட்டும் ஆபத்து என்று நெடுநாள் நினைத்தார்கள், ஆனால் லைன்மேனுக்கு ஒவ்வொரு மோதலிலும் சின்னச் சின்னதாக அடி விழுகிறது, வருடக்கணக்கில் அது சேருகிறது. 2002இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் முன்னாள் சென்டர் (தாக்கும் வரிசையின் நடு ஆள்) மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தபோது, அவர் மூளையைச் சோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு அந்தச் சேதத்தைக் கண்டார். வெப்ஸ்டர் எதிர் வரிசைக்காரர், ஆனால் மோதல் ஒன்றுதானே, அதே அடி இந்தப் பக்கமும் விழுகிறது. சி.டி.இ. என்கிற அந்த மூளை நோயை ஆள் உயிரோடு இருக்கும்போது உறுதிசெய்ய இன்னும் வழியில்லை. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2015இல் நீதிமன்றம் பெரிய இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. டீக்கன் ஜோன்ஸ் காலத்தில் எதிராளியின் ஹெல்மெட்டில் ஓங்கி அறைவதே ஒரு உத்தி, அதை 1977இல் தடை செய்தார்கள். இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

எடையும் ஒரு சுமைதான். வேலைக்காக ஏற்றிய எடை, வேலை போன மறுநாள் இறங்கிவிடாது. ரெஜி வைட் 43 வயதில் போய்ச் சேர்ந்தார்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு இவர்கள் என்ன செய்வார்கள்? பயிற்சியாளர் வேலை மட்டும்தானா?

பதில்: மைக்கேல் ஸ்ட்ராஹன் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறார், மெர்லின் ஓல்சன் நடிகரானார். எனக்கு ஆலன் பேஜ்தான்.

ஒஹாயோவின் கான்டன் நகரத்துப் பையன். அங்கே ஹால் ஆஃப் ஃபேம் கட்டடம் எழும்பியபோது அதில் கூலி வேலை பார்த்தவர், 1988இல் அதே இடத்துக்குள் அவர் பெயர் போனது. வைக்கிங்ஸ் அணிக்காக ஆடி 1971இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது வாங்கினார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது போனது அதுவே முதல் தடவை. ஆடிக்கொண்டிருக்கும்போதே சட்டக் கல்லூரியில் சேர்ந்தார், 1978இல் பட்டம் வாங்கினார். நெடுந்தூர ஓட்டத்தில் ஆர்வம் வந்து எடை குறைந்தது, அது பிடிக்காமல் வைக்கிங்ஸ் அவரை அதே ஆண்டில் விடுவித்தது, அவர் சிகாகோ பேர்ஸில் போய் 1981 வரை ஆடினார். அப்புறம் வழக்கறிஞர். 1993இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி, 70 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்ற விதி குறுக்கே வரும்வரை, 2015 வரை அந்த நாற்காலியில் இருந்தார். எடை குறைந்துவிட்டது என்று ஓர் அணி வேண்டாமென்ற ஆள் அவர்.

கேள்வி: முதல் முறையாகப் பார்க்கப் போகிறேன். எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம், எதைக் கவனிக்கலாம்?

பதில்: 2022 பிப்ரவரி 13, ராம்ஸ் - சின்சினாட்டி பெங்கால்ஸ் சூப்பர் பவுலின் கடைசி ஒரு நிமிடத்தைப் பாருங்கள். ராம்ஸ் 23-20 என்று முன்னால் இருக்கிறது, பெங்கால்ஸுக்கு வேண்டியது ஒரே ஒரு கஜம், அது கிடைத்தால் ஆட்டம் உயிரோடு இருக்கும். மூன்றாவது முயற்சியில் ஓடி வந்தவரை டோனல்ட் பிடித்து நிறுத்திவிட்டார். நான்காவது, கடைசி முயற்சி. இந்தத் தடவை பந்தைப் பார்க்காதீர்கள், டோனல்டின் சட்டையில் இருக்கும் 99 என்ற எண்ணைப் பாருங்கள். எதிரே தடுத்து நின்ற ஆளை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்து, குவார்ட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுற்றுவார், பரோ விழுந்துகொண்டே பந்தை எறிவார், அது யார் கைக்கும் போகாமல் தரையில் விழும். அவ்வளவுதான், கோப்பை ராம்ஸுக்கு. டோனல்ட் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வென்றவர்களுக்குத் தரும் மோதிரத்தை நினைத்து மோதிர விரலைக் காட்டிக்கொண்டு ஓடுவார். பந்து பரோ கையை விட்டுப் போய்விட்டதால் புள்ளிவிவரத்தில் அது சாக் இல்லை, யாரும் பிடிக்காத ஒரு எறிதல் என்றுதான் எழுதியிருக்கும்.