மூன்றாவது முறையும் என் பெயரில் கடன்: பான் எண்ணை மாற்றிவிடலாமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. வயது 41. 2023-ல் யாரோ என் பான் எண்ணைக் கொடுத்து ஒரு கடன் செயலியில் 4,200 ரூபாய் வாங்கியிருந்தார்கள். வசூல் ஆட்கள் எங்கள் தலைமையாசிரியைக்கே போன் செய்ததால், மானம் போகிறதே என்று நானே கட்டிவிட்டேன். அடுத்த வருடம் 11,000 ரூபாய்க்கு இன்னொரு கடன். இந்த முறை புகார் கொடுத்தேன். ‘குளோஸ் செய்துவிட்டோம்’ என்று மெயில் வந்தது. இப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், 38,500 ரூபாய் கடன் மூன்று மாதமாக நிலுவையில் இருக்கிறது, கடன் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் 641 என்கிறார் வங்கி மேலாளர். வீட்டுக்கு 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இதையும் கட்டித் தொலைத்துவிடட்டுமா? பான் எண்ணை மாற்றினால் இந்தத் தொல்லை தீருமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். பான் எண்ணை மாற்றவும் முடியாது.

பான் என்பது ஆயுளுக்கும் ஒன்றுதான். அட்டை தொலைந்தால் அதே எண்ணில் மறுபடி அச்சடித்துத் தருவார்கள், அவ்வளவே. ‘புது பான் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒருவர் பெயரில் இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே, மாற்ற முடியாத ஒரு எண் வெளியே போய்விட்டது, இனி அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும் என்ற இடத்திலிருந்து யோசிப்போம்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2022-ல் நடிகை சன்னி லியோனும் நடிகர் ராஜ்குமார் ராவும் தங்கள் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கிவிட்டதாகப் பொதுவெளியில் சொன்னார்கள். முதலாமவர் பெயரில் 2,000 ரூபாய், இரண்டாமவர் பெயரில் 2,500 ரூபாய். இவ்வளவு சின்னத் தொகையா என்று தோன்றும். சின்னத் தொகைதான் திருடனுக்கு வசதி. ஐந்து லட்சம் கேட்டால் சம்பளச் சான்று, நேரடி விசாரணை என்று போகும். சில ஆயிரங்களைக் கணினியே சில நிமிடங்களில் அனுமதித்துவிடும். அந்தத் தொகைக்காக நீங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்க மாட்டீர்கள், வெட்கப்பட்டுக் கட்டிவிடுவீர்கள் என்பதும் அவர்கள் கணக்குதான். முதல் கடனில் அந்தக் கணக்கு பலித்துவிட்டது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பள்ளிக்கே போன் வந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் பணம் கட்டினால் ‘கடன் என்னுடையதுதான்’ என்று ஒப்புக்கொண்டதாக நிறுவனம் வாதாடும். ‘பாதி கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்’ என்று இப்போது ஆசை காட்டுவார்கள். அதைச் செய்தால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ (முழுத் தொகையும் கட்டாமல் முடித்தது) என்று ஏறும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே ஆகாது.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து, ஸ்கோரை விட்டுவிட்டு, முதல் பக்கத்துக்குப் போங்கள். பெயர், பிறந்த தேதிக்குக் கீழே கைபேசி எண்கள், முகவரிகள், மெயில் முகவரிகள் வரிசையாக இருக்கும். உங்களுக்குத் தெரியாத எண் ஒன்றோ இரண்டோ அங்கே இருக்கும் என்று நினைக்கிறேன். திருடன் முதல் கடனுக்குக் கொடுத்த எண் அது. கடன் கொடுத்த நிறுவனம் அதை உங்கள் எண் என்று அனுப்பியது, அப்படியே பதிவாகிவிட்டது. அடுத்த முறை அவன் வேறொரு செயலியில் அதே பான், அதே எண்ணோடு போகும்போது, பான் எண்ணும் கைபேசி எண்ணும் ஒத்துப்போகின்றன என்று அந்தச் செயலி திருப்திப்பட்டுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கடனாக முடித்தது, கோரையை மேலாக அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டதுபோல ஆகிவிட்டது.

அதனால் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நீங்கள் எழுதும் புகார்க் கடிதத்தில் நான்கு கோரிக்கைகள் இருக்க வேண்டும். அந்தக் கடன் கணக்கை ‘குளோஸ்’ செய்யாமல், என் ரிப்போர்ட்டிலிருந்தே நீக்குங்கள். கடனுக்காக என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்த விசாரணைப் பதிவையும் நீக்குங்கள். அதோடு வந்த கைபேசி எண், முகவரி, மெயில் மூன்றையும் நீக்குங்கள். உங்கள் நிறுவனத்தின் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள) பதிவிலும் அவற்றை அழியுங்கள். போன வருடம் வந்த ‘குளோஸ்’ மெயிலைத் தேடி எடுங்கள். குளோஸ் என்றால் நீங்கள் வாங்கி முடித்த கடன் என்றுதான் பதிவு நிற்கும். அந்த 11,000 ரூபாய்க் கணக்கையும், நீங்கள் கட்டிய 4,200 ரூபாய்க் கணக்கையும் இந்தச் சுற்றிலேயே சேர்த்துத் தகராறு (இந்தப் பதிவு தவறு என்ற மறுப்பு) பதியுங்கள்.

இதை சிபிலோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கொடுப்பவர்கள் நான்கிலும் உறுப்பினராக இருந்து தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் இப்போதே எடுங்கள். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கலாம். வீட்டுக் கடன் வங்கி எதைப் பார்க்கும் என்பது உங்கள் கையில் இல்லை. இன்னொன்று: செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும், ரிப்போர்ட்டில் வேறு ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். உண்மையில் கடன் கொடுத்தது ரிப்போர்ட்டில் இருக்கும் நிறுவனம்தான். அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், செயலியின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அல்ல.

அந்த நிறுவனத்திடம் ஆவணம் கேட்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. ‘நான் வாங்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு ஒரு பொது மெயில் வரும். மாறாக, ‘விண்ணப்பத்தின் நகல், எடுத்த செல்ஃபி, கொடுத்த அடையாள ஆவணம், ஓடிபி போன கைபேசி எண், ஐபி முகவரி, பணம் போட்ட வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன கணக்குதான் முக்கியம். டிஜிட்டல் கடன்களில், சில விதிவிலக்குகள் தவிர, பணம் கடன் வாங்கியவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. வேறு யார் கணக்குக்காவது போயிருந்தால் தவறு அவர்களுடையது. உங்கள் பெயரிலேயே உங்களுக்குத் தெரியாத வங்கிக் கணக்கு இருந்து அதற்குப் போயிருந்தால், விஷயம் கடனைவிடப் பெரியது. அந்தக் கணக்கு வழியாக வேறு மோசடிப் பணமும் ஓடலாம். அந்த வங்கிக்கு உடனே எழுதி முடக்கச் சொல்லுங்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து வட்டி வருமானப் பகுதியைப் பாருங்கள். நீங்கள் கணக்கே வைத்திராத வங்கியின் பெயர் அங்கே இருந்தால் துப்பு கிடைத்துவிட்டது. அப்படியே ஜிஎஸ்டி தளத்திலும் பான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் பெயரில் யாராவது கம்பெனி நடத்துகிறார்களா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, சிலர் இதைச் செய்யத் தயங்குவார்கள். ஆதார் தளத்தில் உங்கள் அங்கீகார வரலாற்றைப் பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் எந்த நிறுவனம், எந்தத் தேதியில், ஓடிபி மூலமா கைரேகை மூலமா உங்கள் ஆதாரைச் சரிபார்த்தது என்று அதில் இருக்கும். மூன்றாவது கடனின் தேதி அந்த ஆறு மாதத்துக்குள் வருகிறதா? அன்று ஓடிபி வெற்றி என்று பதிவாகியிருந்தால், அந்த ஓடிபி ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணுக்குத்தான் வந்திருக்கிறது. அது உங்கள் எண் என்றால், ஏமாற்றி வாங்கியிருக்கிறார்கள், அல்லது உங்கள் போனைக் கையில் எடுக்கக்கூடிய யாரோ செய்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவரைச் சந்தேகிப்பது கஷ்டம்தான். ஆனாலும் புகார் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. பதிவே இல்லை என்றால் நிறுவனம் ஆதார் சரிபார்க்காமல் கடன் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் பிரதியைப் புகாரோடு இணையுங்கள்.

புகார் கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 30 நாள். தகவலைத் திருத்தி அனுப்ப, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள், மீதி கிரெடிட் தகவல் நிறுவனத்துக்கு. 30 நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. தொகை பெரிதல்ல. ஆனால் அந்த விதியைச் சுட்டி எழுதிய கடிதத்துக்குக் கொஞ்சம் வேகமாகப் பதில் வருகிறது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் 14448-க்குப் பேசுங்கள். 2022 செப்டம்பர் முதல் கிரெடிட் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம்.

போலீஸ் புகாரும் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து ஒப்புகை எண் வாங்குங்கள்; பிறகு மாவட்ட சைபர் கிரைம் நிலையத்துக்கு நேரில் போங்கள். பெரும்பாலும் முதலில் சிஎஸ்ஆர் ரசீதுதான் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) கொடுப்பார்கள். அதுவே பல நிறுவனங்களுக்குப் போதும், சில நிறுவனங்கள் எஃப்ஐஆர் கேட்டு இழுத்தடிக்கும். அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். புகாரில் பிரிவைக் குறிப்பிட்டு, இது மூன்றாவது முறை என்பதையும் எழுதுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது, அக்கம்பக்கத்தார் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. மறுபடி தலைமையாசிரியைக்குப் போன் வந்தால் எண், நேரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். குறைதீர்ப்பாளரிடம் அது தனிப் புகார்.

எங்கிருந்து கசிந்திருக்கும்? என்னிடம் வரும் பலருக்கும் பதில் ஒரே இடத்தில் முடிகிறது: ஜெராக்ஸ் கடை. ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘அண்ணா, ஒரு பிரிண்ட்’ என்று சொல்லிவிட்டு, ஐந்து ரூபாய் கொடுத்து வந்துவிடுவோம். அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பானும் கிடக்கும். இ-ஆதார் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் கடவுச்சொல். கடைக்காரரே ‘பிறந்த வருஷம் சொல்லுங்க’ என்று கேட்டுத்தான் திறக்கிறார். இனி அச்சு வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை எடுங்கள். பான் நகலின் மேல், எழுத்துகள் மேல் படும்படி, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அனுப்பிய கோப்பை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகளிடம் இதே நகல்களைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் செய்வதும் இதே இலவசத் தகராறுப் பதிவைத்தான்.

அமெரிக்காவில் 2018 முதல் எவரும் தன் கிரெடிட் கோப்பை இலவசமாக முடக்கி வைக்கலாம். முடக்கினால் புதுக் கடன் வாங்குவது கிட்டத்தட்ட முடியாது. இங்கே அப்படி ஒரு உரிமையைச் சட்டம் தரவில்லை. தர வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை கண்காணிப்புதான் நம் கையில் இருப்பது. உங்கள் ரிப்போர்ட்டை யாராவது எடுத்தால் எஸ்எம்எஸ் அல்லது மெயில் வர வேண்டும் என்பது விதி. அது திருடனின் எண்ணுக்குப் போகாமல் உங்களுக்கு வர, நான்கு இடத்திலும் உங்கள் எண்ணும் மெயிலும் சரியாக இருக்க வேண்டும். நான்கு இலவச ரிப்போர்ட்டுகளையும் அடுத்த ஆண்டு முதல் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்து, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கும் நாளில் மட்டும் ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் 10 நிமிடம் திறந்துகொண்டால் போதும்.

வீட்டுக் கடனுக்கு வருவோம். மேலாளரிடம் தகராறு எண்கள், சிஎஸ்ஆர் நகல், நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுத்து, விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். அவசரத்தில் வேறு நான்கு வங்கிகளில் போட்டால் நான்கு விசாரணைப் பதிவு ஏறி ஸ்கோர் இன்னும் இறங்கும். ‘641-க்கும் தருகிறோம்’ என்று கூடுதல் வட்டியோடு வருபவர்களிடம் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பதிவுகள் நீங்கினால் சாதாரண வட்டிக்கே கிடைக்கக்கூடிய கடன் இது. விற்பவரிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொல்லி, கிரய ஒப்பந்தத்தின் கெடுவை 90 நாள் நீட்டிக்கக் கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம்; எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, 3 லட்சம் அட்வான்ஸ் வாங்கியதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.