வாசகர் கேள்வி - பதில்: குப்பியில் வரும் கிரெலின்

கேள்வி: பசியைத் தூண்டும் கிரெலின் என்ற மனித ஹார்மோனை, மரபணு மறுசேர்க்கை முறையில் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்து ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள். அமினோ அமில வரிசை ஒன்றாகவே இருக்கும்போது, அது நம் இரைப்பையில் சுரக்கும் கிரெலினைப் போலவே செயல்படும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் தம் குழுவினருடன் கிரெலினைக் கண்டறிந்தபோதே இதற்கான காரணமும் தெரிந்துவிட்டது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட இந்த ஹார்மோனின் மூன்றாவது இடத்திலுள்ள செரினுடன் எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம் இணைந்திருக்கிறது. அந்த இணைப்பு இருந்தால்தான் கிரெலின் தன் ஏற்பியை, அதாவது செல்லில் அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்தை, தூண்டும். இணைப்பைச் செய்யும் நொதி 2008-இல் அடையாளம் காணப்பட்டது. இந்தத் தயாரிப்புக்குப் பயன்படும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவிடம் அந்த நொதி இல்லை என்பதால், மனித மரபணுவை எவ்வளவு பிழையின்றிப் புகுத்தினாலும் அது கொழுப்பு அமிலம் இல்லாத கிரெலினையே தரும்.

அதற்காக அதைப் பயனற்றது என்று ஒதுக்கவும் வேண்டாம். நம் இரத்தத்தில் ஓடும் கிரெலினில் பெரும்பகுதி கொழுப்பு அமிலம் நீங்கிய வடிவம்தான். மேலும், இப்படி விற்பனைக்கு வருபவற்றில் சில, 28 அமினோ அமிலத் துண்டாக இல்லாமல், அது வெட்டியெடுக்கப்படும் 117 அமினோ அமில முன்னோடிப் புரதமாகவோ அதன் ஒரு பகுதியாகவோ, தூய்மைப்படுத்துவதற்காகச் சேர்த்த ஹிஸ்டிடின் வாலுடன் (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் சிறு தொடருடன்) இருக்கும். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாக்கவும், அதைக் கொண்டு புரதத்தைக் கண்டறியும் எலைசா, வெஸ்டர்ன் பிளாட் சோதனைகளில் ஒப்பீட்டுக்கு வைக்கவும் அது போதும். ஏற்பியைத் தூண்டிப் பார்க்கும் சோதனைக்கோ, கொழுப்பு அமிலம் சேர்த்து வேதிமுறையில் தொகுத்த பெப்டைடை (குறுகிய அமினோ அமிலச் சங்கிலியை) வாங்குவதே சரி. தகவல் தாளில் உயிரியல் செயல்திறனைச் சோதித்த விவரம் இல்லையென்றால், அப்படிச் சோதிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குப்பியைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லாததுபோல் தெரிகிறதே?

பதில்: உறைய வைத்து உலர்த்திய மைக்ரோகிராம் அளவுப் புரதம் கண்ணுக்குத் தெரியாமல் சுவரிலோ மூடியிலோ ஒட்டியிருக்கும். ஆகவே, திறப்பதற்கு முன் சிறிது நேரம் மையவிலக்கியில் சுழற்றுங்கள். கரைத்த பின் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயை மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைப்பது புரதத்தைக் கெடுக்கும். செல் வளர்ப்பில் சேர்ப்பதாக இருந்தால் எண்டோடாக்சின் அளவையும் பார்க்க வேண்டும். பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் இந்த நஞ்சு நோயெதிர்ப்புச் செல்களைச் சீண்டும்போது, அதை ஹார்மோனின் விளைவு என்று தவறாக எழுதிவிட வாய்ப்புண்டு.

கேள்வி: பசியில்லாமல் மெலிந்த நோயாளிக்கு இதையே ஊசியாகப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆராய்ச்சிக்கு மட்டும் என்று விற்கப்படும் பொருள், மனித உடலில் செலுத்துவதற்குரிய தூய்மையையும் பாதுகாப்பையும் நிரூபித்ததன்று. கிரெலின் ஏற்பியைத் தூண்டும் அனமொரெலின் என்ற மாத்திரை, சிலவகைப் புற்றுநோயால் உடல் நலிந்தவர்களுக்காக 2021-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. அது மருத்துவச் சோதனைகளைக் கடந்து வந்த தனி மருந்து.