முட்டை கண்ணில் படவில்லையா? முதலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கண் பார்வை சம்பந்தப்பட்டவை. நாற்பதைத் தாண்டிய பிறகு தேனீப் பெட்டி வைக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் போல, நல்லதுதான். பதில்கள் எல்லாம் நம் ஊர் அடுக்குத் தேனீயை (இந்தியத் தேனீ) அதற்கேற்ற சிறிய நியூட்டன் மரப்பெட்டியில் வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வயது 47. பெட்டி வைத்து ஒரு வருடம் ஆகிறது. யாரைக் கேட்டாலும் "அடையில் முட்டை இருக்கா பாருங்க" என்கிறார்கள். எனக்கு வெறும் ஓட்டைதான் தெரிகிறது. கண் போய்விட்டதா?

பதில்: பாதி கண், பாதி வெளிச்சம். தேனீ முட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான், மெல்லிய வெள்ளைத் துணுக்கு, அதுவும் அறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இருபது வயதுப் பையனுக்கும் நிழலில் நின்றால் தெரியாது. காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்து அடையில் விழுகிற மாதிரி நில்லுங்கள். அறைகள் வாய்ப்பக்கம் லேசாக மேல் நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் அடை கட்டிய மரச்சட்டத்தை நெஞ்சுக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்து, கொஞ்சம் மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் அடிவரை போகும் கோணம் கிடைக்கும்வரை மணிக்கட்டை மெதுவாகத் திருப்புங்கள். படுக்கையாகக் கவிழ்த்துவிடாதீர்கள், புதுத் தேன் சொட்டும், புது அடையாக இருந்தால் உடைந்தும் விழும். புது அடை வெள்ளையாக இருக்கும், வெள்ளையில் வெள்ளை முட்டை தேடுவது சிரமம். பல தலைமுறை புழு வளர்ந்து கறுத்துப்போன அடையில் பழகுங்கள்.

இப்போது கண்ணாடி விஷயம். இந்த வயதில் படிக்கிற கண்ணாடி தேவைப்படுவது இயல்பு. இரண்டு பவர் சேர்ந்த கண்ணாடியில் கிட்டத்தில் பார்ப்பதற்கான பகுதி கீழே இருக்கும், முகவலையோடு தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். பெட்டி வேலைக்கென்று ஒரே பவர் உள்ள கண்ணாடி ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். கண் பரிசோதனைக்குப் போகும்போது "புத்தகம் படிக்க" என்று மட்டும் சொல்லாமல், கையில் சட்டம் பிடிக்கும் தூரத்தை அளந்துகொண்டு போய் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, முகவலையின் கண் முன்னால் வரும் துணி கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெயிலில் பளபளத்து எல்லாவற்றையும் மறைக்கும், எத்தனையோ பேர் அதை மாட்டிக்கொண்டு கண் டாக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் செய்தும் தெரியவில்லையென்றால் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பாருங்கள். இதில் ஒரு வெட்கமும் இல்லை.

கேள்வி: ராணியைக் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாச் சட்டத்தையும் எடுத்துத் தேடுகிறேன்.

பதில்: எதற்கு? முட்டை போட்டிருந்தால் ராணி இருக்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் முட்டை நட்டுவைத்தது போல நிமிர்ந்து நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும், அப்புறம் புழு. நிமிர்ந்த முட்டை தெரிந்தால் நேற்றோ இன்றோ ராணி அந்த அடையில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். தேடித் தேடிப் பெட்டியைக் கலைத்தால் அடுக்குத் தேனீ கோபித்துக்கொண்டு கூட்டையே விட்டுப் போய்விடும்.

ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தால் அது வேறு கதை. ராணி போய், வேலைக்காரத் தேனீக்கள் முட்டை போட ஆரம்பித்திருக்கலாம். புது ராணி அவசரத்தில் சில நாள் அப்படிப் போடுவதும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் அடியிலேயே இருக்கும்.

இத்தாலியத் தேனீக்காரர்கள் ராணியின் முதுகில் பெயின்ட் பொட்டு வைத்துவிடுங்கள். உலகம் முழுக்க ஒரே வழக்கம்: ஆண்டின் கடைசி எண் 1 அல்லது 6 என்றால் வெள்ளை, 2, 7 மஞ்சள், 3, 8 சிவப்பு, 4, 9 பச்சை, 5, 0 நீலம். தேடவும் சுலபம், வயதும் தெரியும்.

கேள்வி: நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் பெட்டிக்கு மேலே பயன்படாது. அதற்குப் பொருள் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், முகவலையோடு உயிருள்ள தேனீக்கு அவ்வளவு பக்கத்தில் முகத்தைக் கொண்டு போகவா போகிறீர்கள்? வாசலில் செத்துக் கிடப்பதைப் பொறுக்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. இத்தாலியத் தேனீயில் வரோவா உண்ணி இருந்தால் சிவப்புக் கலந்த பழுப்பு நிறத்தில், குண்டூசித் தலை அளவில், நீளத்தைவிட அகலம் கூடுதலாகத் தெரியும். அடுக்குத் தேனீ அந்த உண்ணியோடு காலங்காலமாக வாழ்ந்து பழகியது, ஒன்றையொன்று சுத்தம் செய்துகொள்ளும், அதனால் நமக்கு அந்தத் தலைவலி குறைவு. பெட்டிப் பக்கத்தில் வேலை செய்யத் தலையில் மாட்டும் 2 மடங்கு லென்ஸ் போதும். வேலை முடிந்ததும் லென்ஸை வெயிலில், காய்ந்த தேங்காய் நார் பக்கத்தில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கேள்வி: மூடிய அறைகளில் சிலவற்றின் மேல் நடுவில் ஊசி குத்தியது போல ஓட்டை. நோயா?

பதில்: மூடி கூம்பாகத் தூக்கிக்கொண்டு, ஓட்டை சரியாக நடுவில் இருந்தால் அது ஆண் தேனீயின் அறை. அடுக்குத் தேனீக்கு அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டியது வேறு: புழு அறையில் நீளமாகப் படுத்து, தலை மட்டும் படகின் முனை போல மேலே வளைந்து நின்றால், குச்சியால் தூக்கும்போது தண்ணீர் நிறைந்த பையாக வந்தால், அது தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1991-92 இல் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பெட்டியின் அடையை அடுத்த பெட்டிக்கு மாற்றாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கண் நீர் அழுத்தத்தால் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. பெட்டிகளை விற்கச் சொல்கிறார்கள், அவருக்கு மனசில்லை.

பதில்: விற்க வேண்டாம். தேனீயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதியின் அடித்தளம் பார்வையற்ற ஒருவர் போட்டது. ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஹூபர், 1750 இல் பிறந்தவர், சிறு வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கியது. வீட்டு வேலைக்கு இருந்த பிரான்சுவா பர்னென்ஸ்தான் அவருக்குக் கண். ஹூபர் கேள்வி கேட்பார், பர்னென்ஸ் பார்த்துவிட்டு வந்து சொல்வார், சந்தேகம் இருந்தால் மறுபடி அனுப்புவார். புத்தகப் பக்கம் போல விரித்துப் பார்க்கக்கூடிய பெட்டி ஒன்றையும் ஹூபர் வடிவமைத்தார். ராணி இணைசேர்வது கூட்டுக்குள் அல்ல, வெளியே பறக்கும்போது என்று காட்டியவர்கள் இந்த இருவர்தான். முட்டை போடும் வேலைக்காரத் தேனீயைத் தேடி, பர்னென்ஸ் இரண்டு கூடுகளின் தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்தார், அதற்கு 11 நாள் ஆனது! 1792 இல் இதெல்லாம் அச்சில் வந்தது. பார்த்தது பர்னென்ஸ் என்றாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது ஹூபருக்கு, இரண்டும் சேராமல் அந்த வேலை நடந்திருக்காது.

உங்கள் அப்பா கேட்கட்டும், நீங்கள் பாருங்கள். "ஒண்ணுமில்லைப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று மழுப்பாமல், எத்தனை சட்டத்தில் புழு, மூடிய அறை எவ்வளவு, மகரந்தம் என்ன நிறம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். பெட்டியின் பின்பக்கத்தை லேசாகத் தூக்கித் தேன் எடையை அவரே சொல்லிவிடுவார், காதை வைத்தால் ராணி போன கூட்டின் முனகலும் அவருக்குத் தெரியும்.

கேள்வி: தேனீக்குக் கழுகு மாதிரி கூர்மையான கண்ணா? (ஏழாம் வகுப்பு மாணவி)

பதில்: இல்லைம்மா. அதற்கு ஐந்து கண், பக்கவாட்டில் இரண்டு பெரியவை, உச்சியில் மூன்று சின்னவை. பெரிய கண் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான குட்டி லென்ஸ்கள் இருந்தும் நம்மைவிடப் பல மடங்கு மங்கலாகத்தான் பார்க்கும். ஆனால் அசைவைப் பிடிப்பதில் நம்மால் போட்டி போட முடியாது, அதனால்தான் கையை வீசாதே என்கிறோம். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதற்குத் தெரியும், சிவப்பு தெரியாது. கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய அறிஞர்தான் தேனீக்கு நிறம் தெரியும் என்று சோதித்துக் காட்டினார், தேனீயின் நடனத்தைப் படித்தவரும் அவரே, 1973 இல் நோபல் பரிசு வாங்கினார். டார்ச்சில் சிவப்பு கண்ணாடித்தாள் சுற்றி, பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய் இரவில் வாசலைப் பார். சில தேனீக்கள் நின்ற இடத்திலேயே இறக்கையை அடித்து விசிறிக்கொண்டிருக்கும், நம் அடுக்குத் தேனீ என்றால் தலை வெளிப்பக்கம் பார்த்திருக்கும், இத்தாலியத் தேனீ உள்பக்கம் பார்த்து நிற்கும்.

கேள்வி: கொசுத் தேனை (கொட்டாத சின்னத் தேனீயின் தேன்) கண்ணில் விட்டால் பார்வை கூர்மையாகும் என்கிறார் பாட்டி.

பதில்: விடாதீர்கள். கூட்டிலிருந்து பிழிந்த தேனில் மகரந்தம், மெழுகுத்தூள், கிருமி எல்லாம் இருக்கும், கண்ணில் விடுகிற மருந்து சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். கிட்டப் பார்க்கச் சிரமமென்றால் கண்ணாடி, புரை என்றால் அறுவை சிகிச்சை. பாட்டியிடம் தேனைச் சாப்பிடக் கொடுங்கள் (சர்க்கரை நோய் இல்லையென்றால்).

கேள்வி: கண்ணிலேயே கொட்டிவிட்டால்?

பதில்: இமையில் என்றால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள், எந்த விதமாக எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம், பிறகு குளிர்ந்த ஒத்தடம். கருவிழியில் என்றால் தேய்க்காமல், நீங்களாக எதையும் பிடுங்காமல், நேராகக் கண் மருத்துவமனைக்கு, அன்றைக்கே. மூச்சுத் திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் கண்ணை மறந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.