சமையக்கட்டுச் சாமான்: கேளுங்க, சொல்றேன்

ஓசூர்: அக்கா, புதுக் குடித்தனம், ரெண்டு பேர்தான். என்னென்ன வாங்கணும்? கடையில 14 சாமான் செட்டு ஒண்ணு காட்டுறாங்க.

செட்டு வேண்டாம். அதுல பாதி பரண்ல ஏறிடும். 3 லிட்டர் குக்கர், இரும்பு தோசைக்கல், இரும்பு வடைச்சட்டி, அடி கனமான எவர்சில்வர் குண்டான் ரெண்டு, கீரை கடைய மண்சட்டியும் மத்தும், அரிவாள்மனை, சின்னக் கத்தி, மிக்சி. கேழ்வரகுக் களி சாப்பிடுற வீடுன்னா களி கிண்டுற கோலும் குண்டானும் தனியா. எதையும் காலியா அடுப்புல வெச்சுட்டு வேற வேலைக்குப் போகாதீங்க. பாத்திரம் கெடுறது பெரும்பாலும் அதனாலதான்.

ஊத்தங்கரை: காந்தம் ஒட்டலேன்னா நல்ல எவர்சில்வர்னு சொல்றாங்களே?

304-ங்கிற நல்ல ரகத்துலயும் ஒட்டாது, விலை குறைஞ்ச 202 ரகத்துலயும் ஒட்டாது. அதனால காந்தத்தை வெச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. அடியில 304-னு முத்திரை இருக்கா பாருங்க, பில்லுலயும் எழுதி வாங்குங்க. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் அடி காந்தத்துல ஒட்டியே ஆகணும்.

காவேரிப்பட்டணம்: நான்ஸ்டிக் நல்லதா கெட்டதா?

260 டிகிரிக்கு மேல பூச்சு கெட ஆரம்பிக்கும். எண்ணெயோ மாவோ இல்லாம காலியாக் காய விட்டா சில நிமிஷத்துல அந்தச் சூட்டைத் தொட்டுடும். மரக்கரண்டி போடுங்க, பூச்சு உரிஞ்சா தூக்கிப் போடுங்க.

பாலக்கோடு: ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கலாமா?

வெள்ளீயம்னா வாங்கலாம். காரீயம் கலந்தது விஷம், தெரிஞ்ச கடையில மட்டும் வாங்குங்க. வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். உள்ளே ரசம் இருக்கிற வரைக்கும் சூடு 100-ஐ ஒட்டியே நிக்கும், சொம்புக்கு ஒண்ணும் ஆகாது. அதனால முதல்ல புளித்தண்ணி, அப்புறம் அடுப்பு. காலியா வெச்சா சொம்பு ஒழுகி பர்னர்ல கிடக்கும்.

பென்னாகரம்: எங்க வீட்ல களிக்கு குக்கர்தான். மாவு, தண்ணி, உப்பு, நாலு விசில், அவ்வளவுதான். கோல் எதுக்கு?

மாவை நேரா குக்கர்ல கொட்டியா? வேண்டவே வேண்டாம். கெட்டியான கூழ் பொங்கி வெயிட் போடுற குழாய அடைக்கும். ஆவி உள்ளேயே நிக்கும். விசில் வரலியேன்னு மூடியைத் திருகினா முகத்துல அடிக்கும்.

பாலக்கோடு: அது களியே இல்லீங்க, பசை.

பென்னாகரம்: வேலைக்குப் போறவங்க அரை மணி நேரம் கோலோட மல்லுக்கட்ட முடியுமா? கூழ் அடைக்கும்னா உள்பாத்திரத்துல வெக்கிறேன்.

உள்பாத்திரம்னா ஆபத்து இல்ல. ஆனா ஒரு டம்ளர் மாவுக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி ஊத்தி கட்டியில்லாமக் கரைச்சு, பாதிப் பாத்திரத்துக்கு மேல போகாம வைங்க. மாவு அடியில படிஞ்சிரும். அதனால ஆவி முழுசா அடங்கினதும் திறந்து, சூட்டோட கிண்டியே ஆகணும். கோல் அப்பவும் வேணும்.

கோலோட மல்லுக்கட்ட அரை மணி நேரமெல்லாம் ஆகாது. நாலு பேருக்கு அரை டம்ளர் அரிசி நொய்யை 5 டம்ளர் தண்ணியில உப்புப் போட்டு குழைய வேக விடுங்க. 2 டம்ளர் மாவை நடுவுல குவிச்சுக் கொட்டுங்க, கலக்காதீங்க. கோலால நடுவுல ஒரு குழி குத்தி, தீயைக் குறைச்சு, அரைமூடி போட்டு 8, 10 நிமிஷம். குழி வழியா தண்ணி மேல ஏறி மாவு வேகும். இங்க அவசரப்பட்டுக் கிண்டினா கட்டி விழும். கட்டிக்குள்ள பச்சை மாவு நிக்கும், வயித்தை வலிக்கிறது அதாலதான். அப்புறம் கீழ இறக்கி, குண்டானை துணி போட்டுப் பிடிச்சு, பக்கச் சுவர்ல அழுத்தி அழுத்திக் கிண்டுங்க. நனைச்ச விரல்ல தொட்டா ஒட்டக்கூடாது. திரும்ப சிறு தீயில மூடி 3 நிமிஷம். கோல் ரெண்டடி நீளம், நுனி தட்டையா இருக்கணும். குட்டையா இருந்தா கை வேகும்.

பாலக்கோடு: நொய் போட்டா அது களியா? வெறும் மாவுதான் களி.

மத்தூர்: எங்க பக்கம் நொய் இல்லாம கிண்டவே மாட்டோம்.

அது அவங்கவங்க வீட்டு வழக்கம். இங்க பாத்திரம் பத்திக் கேளுங்க.

அரூர்: அலுமினிய குக்கர் உள்ளே கறுத்துப் போகுது. போர் தண்ணி.

உப்புத்தண்ணி அப்படித்தான் பண்ணும். அடித்தண்ணியில புளிக்கோதோ எலுமிச்சைத் தோலோ ஒரு துண்டு போடுங்க. ஆனா அலுமினியத்துல புளிக்குழம்பு வெச்சு ராத்திரி விடாதீங்க, உலோகம் குழம்புல இறங்கும். அதோட ஒண்ணு: நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர்ல ஃபுளோரைடு அதிகம், அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. காய்ச்சினா ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த செறிவு கூடத்தான் செய்யும். சமையலுக்கும் ஒகேனக்கல் தண்ணியையே பிடிங்க.

தேன்கனிக்கோட்டை: நான்ஸ்டிக் தவா வாங்கலாமா அக்கா?

மேல காவேரிப்பட்டணத்துக்குச் சொன்னதைப் படிங்க.

பாப்பாரப்பட்டி: புது தோசைக்கல்லுல தோசை ஒட்டுது. கல்சட்டியும் வாங்கினேன், எப்படிப் பழக்குறது?

தோசைக்கல்லை சோப்புப் போட்டு ஒரே ஒரு தரம் கழுவி, கடையில பூசின எண்ணெயைப் போக்குங்க. மூணு நாள் வடிச்ச கஞ்சி ஊத்தி வைங்க. தினம் கழுவித் துடைச்சு நல்லெண்ணெய் தடவணும், ஈரமா விட்டா துரு. அப்புறம் சிறு தீயில எண்ணெயும் அரை வெங்காயமும் வெச்சுத் தேய்ச்சு, முதல் ரெண்டு மூணு தோசையை ஒதுக்குங்க. சுட்ட கல்லுல பச்சத்தண்ணி தெளிச்சு விளையாடாதீங்க, வார்ப்பிரும்புக் கல்லுன்னா விரிசல் விடும்.

கல்சட்டிக்கு ஒரு வாரம் கஞ்சித்தண்ணி, தினம் மாத்தணும். அப்புறம் விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஒரு நாள் ஊற விடுங்க. தீ எப்பவும் சின்னது, ஏத்துறதும் மெதுவா. குழம்பு முக்கால்வாசி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுடுங்க, மிச்சத்தை சட்டிச் சூடே பாத்துக்கும். காலியா…

பாப்பாரப்பட்டி: வெக்க மாட்டேன் அக்கா.

கிருஷ்ணகிரி: நான்ஸ்டிக் கடாய் பத்தி…

மேல.

மத்தூர்: மிக்சி திடீர்னு நின்னுடுச்சு. மோட்டார் போச்சா?

அடியில சிவப்பு பட்டன் இருக்கும். சூடு ஆற 10 நிமிஷம் விட்டு அதை அமுக்குங்க. ஜார்ல பாதிக்கு மேல நிரப்பாதீங்க.

பென்னாகரம்: கடைசியா ஒண்ணு. இண்டக்‌ஷன் அடுப்புல களி கிண்டலாமா?

காந்தம் ஒட்டுற, அடி தட்டையான குண்டான்னா வேக வைக்கலாம். கிண்டும்போது கீழ இறக்கிடுங்க. நீங்க கோலால அழுத்துற அழுத்துல கண்ணாடி நிக்காது.