எழுதிக் கொடுங்கள், தேதியோடு

கேள்வி: கேரளத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். ஹாஸ்டலில் சீனியர்கள் சிலர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பேரில்தான் கூப்பிடுகிறார்கள். நான் பேசும் மலையாளத்தை அதே மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள், மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடுவதில்லை. அடித்தது கிடித்தது எதுவும் இல்லை. இதை ராகிங் என்று சொன்னால் எடுபடுமா? எனக்கு மலையாளம் பேசத்தான் வரும், எழுத வராது.
– ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கண்டிப்பாக எடுபடும். கை வைத்தால்தான் ராகிங் என்று இன்னும் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. நிறம், சாதி, மதம், பிறந்த ஊர், பேசும் மொழி என்று எதையாவது சாக்காக வைத்து ஒருவரை மனம் நோகச் செய்வதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

கேரளத்தில் இதற்கென்று 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மாணவரோ பெற்றோரோ எழுத்தில் புகார் கொடுத்தால் கல்லூரி முதல்வர் 7 நாளைக்குள் விசாரிக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் சம்பந்தப்பட்டவரை சஸ்பெண்ட் செய்து புகாரைப் போலீஸுக்கு அனுப்ப வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே உடந்தை என்று ஆகிவிடும். எழுத்தில் கொடுத்தால்தான் இதெல்லாம் நடக்கும். வார்டனிடம் அழுதுவிட்டு வந்தால் அவர் ரெண்டு ஆறுதல் வார்த்தை சொல்வார், அதோடு சரி. அதனால் என்றைக்கு, எங்கே, யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள், நடந்ததை மட்டும் எழுதுங்கள். கோபத்தில் ஒரு வரி கூட்டி எழுதினாலும் விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ரெண்டு பிரதி எடுத்து ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அரசு அதிகாரியிடம் குறையைச் சொல்லலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவு. வேலை சீக்கிரம் நடக்க வேண்டுமே என்பதற்காக, தெரிந்த டீச்சர் யாரையாவது வைத்து ஒரு மலையாளப் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள், ஆனால் உங்கள் கையெழுத்து தமிழ்ப் புகாரில் இருக்கட்டும். கல்லூரியில் கொடுக்கப் பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற ராகிங் உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். வீட்டில் அம்மா அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், இதைத் தனியாகத் தூக்கிச் சுமக்காதீர்கள்.

கேள்வி: மகனைக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துப் பணம் கட்டினோம். பத்தே நாளில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இப்போது டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் தர மாட்டேன் என்கிறார்கள், மூன்று வருடப் பணத்தையும் கட்டினால்தான் தருவார்களாம்.
– ஒரு தகப்பனார், வேலந்தாவளம்

பதில்: ஐயா, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018-ல் யு.ஜி.சி. போட்ட விதி. கட்டிய பணத்துக்கும் அதிலேயே கணக்கு இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போதே விலகினால் சின்னப் பிடித்தம் போக முழுத் தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, அப்புறம் 30 நாள் வரை 50, அதற்கு மேல் போனால் ஒன்றுமில்லை. அதாவது தினமும் போனில் கெஞ்சிக்கொண்டிருப்பதில் நாள்தான் போகும், பணமும் குறையும். விலகல் கடிதத்தை இன்றே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மகன் பேரில் அந்தக் கல்லூரியின் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுதுங்கள். 2023 விதிப்படி அவர்கள் 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

கேள்வி: சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறேன், அதனால் திங்கட்கிழமை பெரும்பாலும் லீவுதான். வருகை 66 சதவீதம். ஃபீஸ் கட்டியிருக்கிறேனே, பரீட்சை எழுதுவது என் உரிமை இல்லையா?
– ஒரு மாணவர், மீனாட்சிபுரம்

பதில்: இல்லை தம்பி. ஃபீஸ் கட்டினால் வகுப்பில் உட்கார இடம் கிடைக்கும், பரீட்சை எழுதத் தகுதி வருகையால்தான் வரும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும், அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் மருத்துவச் சான்றிதழோடு சலுகை கேட்கலாம். இல்லாத காய்ச்சலுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், மாட்டினால் படிப்பே போய்விடும். வீட்டுக் கஷ்டத்தை டியூட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, செமஸ்டர் முடிய இன்னும் எத்தனை வகுப்பு பாக்கி என்று கேளுங்கள். அத்தனைக்கும் போனாலாவது 75 வருமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் என்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலையை மட்டும் பரீட்சை வரைக்கும் விட்டுவிடுங்கள்.